அல்ஹம்ப்ரா: பளிங்கு மாளிகையா, மண் வீடா?

பிப்ரவரி 3, மாலை 6.40 (வாசகர் ஒருவரின் கேள்வி)

ஸ்பெயினில் கிரனடா ஊரிலிருக்கும் அல்ஹம்ப்ரா அரண்மனை முழுக்கப் பளிங்கில் கட்டியது என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அங்கே ஒரு முற்றத்தில் 12 சிங்கங்கள் உண்டாம். ஒரு மணிக்கு ஒரு சிங்கம், இரண்டு மணிக்கு இரண்டு சிங்கம் என்று தண்ணீர் கக்கி மணி காட்டுமாம். பின்னால் வந்த கிறிஸ்தவ ராஜாக்கள் அதைப் பிரித்துப் பார்த்துக் கெடுத்துவிட்டார்களாம். நேரில் போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பிப்ரவரி 3, இரவு 9.15

போனேன், போன டிசம்பரில், அக்காவோடு. பளிங்கு மாளிகை இல்லை, மண் வீடு. கோட்டைச் சுவர்களும் கோபுரங்களும் பெரும்பாலும் அந்தக் குன்றின் செம்மண்ணையே எடுத்து, சுண்ணாம்பும் சரளையும் கலந்து, இரண்டு பலகைகளுக்கு நடுவே கொட்டி, அடுக்கடுக்காக இடித்து இறுக்கி எழுப்பியவை. ஸ்பானியர் அதைத் தாபியல் என்கிறார்கள். அல்ஹம்ப்ரா என்ற பேரே அரபியில் 'சிவப்பானது' என்றுதான் பொருள். உள்ளே போனால் சுவரின் அடிப்பாகத்தில் இடுப்புயரத்துக்கு ஓட்டுச் சில்லு, அதற்கு மேல் சுதை, கூரைக்கு மரம். சுதை என்றால் ஜிப்சம்தான். நம் வீட்டு பால்ஸ் சீலிங்கில் போடும் அதே சரக்கு!

என் அப்பா கொத்தனார். செல்பேசியில் படத்தைக் காட்டினேன், கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு இரண்டு நிமிடம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது செதுக்கினது இல்லடா, அச்சு வச்சு எடுத்தது. இந்தப் பூ பாரு, நாலாவது கட்டத்துல அதே பூ திரும்ப வருது" என்றார். பிறகு படித்துப் பார்த்தேன், சரிதான். கையால் செதுக்கியதும் உண்டு, அச்சில் வார்த்ததும் உண்டு, போகப் போக அச்சு வேலைதான் அதிகமாகியிருக்கிறது. நான் பத்து நாள் முன்தயாரிப்பாகப் படித்ததில் பிடிபடாதது அவருக்கு இரண்டு நிமிடத்தில் பிடிபட்டுவிட்டது.

சிங்கக் கடிகாரம் கட்டுக்கதை.

பிப்ரவரி 3, இரவு 9.50

படுக்கப் போகும்முன் ஒரு திருத்தம். பளிங்கே இல்லை என்று படிக்கும்படி எழுதிவிட்டேன். தூண்கள், நீர்த்தொட்டிகள், சில தரைகள், அந்தச் சிங்கங்கள் எல்லாம் வெள்ளைப் பளிங்குதான், அல்மேரியா பக்கத்து மகாயேல் குவாரிக் கல். சுவர்தான் மண்.

பிப்ரவரி 4, காலை 7.30

யார் கட்டியது என்று கேட்டிருக்கிறார்கள். 'யார் யார்' என்று கேட்க வேண்டும். 1238இல் கிரனடாவுக்குள் வந்த முதலாம் முகம்மது, நஸ்ரி வம்சத்தின் முதல் ஆள். அப்போது கொர்டோபா நகரம் கிறிஸ்தவர் கைக்குப் போயாகிவிட்டது, தெற்கே ஒரு துண்டு நிலம்தான் முஸ்லிம்கள் கையில். இவர் 1246இல் காஸ்டீல் நாட்டுக் கிறிஸ்தவ ராஜாவுக்குக் கப்பம் கட்டுவதாக ஒப்புக்கொண்டு, அடுத்து அந்த ராஜா செவில் நகரைப் பிடிக்கத் தன் படையையும் கொண்டுபோய் உதவினார். ஊர் திரும்பியதும் ஜனங்கள் 'வெற்றி வீரரே' என்று வாழ்த்த, இவர் 'இறைவனைத் தவிர வெற்றியாளன் இல்லை' என்று சொன்னதாக ஒரு கதை. நடந்ததோ இல்லையோ, அந்த வரிதான் வம்சத்தின் முத்திரை வாக்கியம். அரண்மனைச் சுவரில் எங்கே கண்ணை வைத்தாலும் அதுதான் எழுதியிருக்கிறது. தன் மதத்தாரின் நகரையே பிடிக்க உதவிவிட்டுத் திரும்பியவரின் வாக்கியம் என்று நினைத்துப் படித்தால் வேறு மாதிரி ஒலிக்கிறது.

குன்றின் மேற்கு முனையில் கோட்டையைத் தொடங்கியதும், தண்ணீர் கொண்டுவந்ததும் இவர்தான். அரண்மனை என்று நாம் சொல்வது அதற்குப் பின் ஒவ்வொரு சுல்தானும் தன் பங்குக்குச் சேர்த்தது. மூன்றாம் முகம்மதுவின் பார்தால் (1302க்கும் 1309க்கும் நடுவில்) இன்று நிற்கும் அரண்மனைகளில் பழையது. கொமாரஸ் அரண்மனை முதலாம் யூசுப் பெரிதாகக் கட்டி, மகன் ஐந்தாம் முகம்மது முடித்தது. சிங்க முற்றம் முழுக்க அந்த மகனுடையது. ஒரே வீடு என்று நினைத்துப் போனால் குழம்பிவிடும். அப்பா கட்டிய வீட்டோடு சுவர் சேர்த்து மகன் இன்னொரு வீடு கட்டியது போல நினைத்துக்கொண்டால் வழி பிடிபடும்.

பிப்ரவரி 4, மாலை 5.10

"தண்ணி எங்கேருந்து?" இது அப்பாவின் கேள்வி, போனில். தாரோ ஆறு குன்றின் காலடியில், எவ்வளவோ கீழே ஓடுகிறது என்றேன். "அப்ப மேலயே எங்கயாவது மடை கட்டித் திருப்பியிருப்பான்" என்றார். அதேதான். சுமார் 6 கிலோமீட்டர் மேலே, ஆறு இன்னும் உயரத்தில் இருக்கும் இடத்தில் திருப்பி, மலைச்சரிவை ஒட்டியே மெதுவாக இறக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அரச வாய்க்கால் என்று பேர். வாய்க்காலுக்கான ஸ்பானியச் சொல் அசெக்கியா, அதுவே அரபிதான். ராஜா மாறினாலும் சொல்லும் தண்ணீரும் அப்படியே.

பிப்ரவரி 4, இரவு 8.00

இலங்கை நண்பர் ஒருவர், "மூர் என்றால் எங்கள் ஊர்ச் சோனகர்தானே, ஸ்பெயினுக்கு எப்படிப் போனார்கள்?" என்று கேட்டிருக்கிறார். பயணம் தலைகீழ். போனது சொல், ஆள் இல்லை. ஐபீரியாவில் கிறிஸ்தவர்கள் முஸ்லிம்களை மொத்தமாக 'மோரோ' என்றார்கள், அது வட ஆப்பிரிக்காவின் மௌரெத்தானியா என்ற ரோமானியப் பேரிலிருந்து வந்தது. 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துகீசியர் அங்கே முஸ்லிம்களைப் பார்த்ததும், வீட்டிலிருந்து கொண்டுவந்த அதே சொல்லை ஒட்டிவிட்டார்கள். ஆங்கிலத்தில் இன்றும் மூர் என்றே பதிவு. அல்ஹம்ப்ராவைக் கட்டியவர்கள் தங்களை மூர் என்று சொல்லிக்கொண்டதில்லை. நஸ்ரிகள் தங்களை மதீனாவின் கஸ்ரஜ் குலத்தார் என்று பெருமை பேசியவர்கள்.

ஆக தலைப்பில் 'மூர் அரண்மனை' என்று போடாததற்கு நானே என்னைத் தட்டிக்கொடுத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 6, இரவு 10.30

நுழைவுச்சீட்டு பற்றிக் கேட்டவர்களுக்கு: நஸ்ரி அரண்மனைகளுக்கு நேரம் குறித்துத்தான் அனுமதி. எங்களுக்கு மதியம் இரண்டரை. நான் அதிபுத்திசாலித்தனமாக முதலில் கிழக்குக் கோடியில் ஹெனராலிபே தோட்டத்துக்குப் போய்விட்டேன். சுல்தான்களின் கோடைக்கால வீடு, ஆரஞ்சு மரம், நடுவில் நீளமான வாய்க்கால், இரண்டு பக்கமும் வளைந்து பாயும் நீர்த்தாரை. அக்கா நகரவே மாட்டேன் என்றாள். கடிகாரத்தைப் பார்த்தால் இரண்டு பத்து. அங்கிருந்து அரண்மனைக்குக் கால் மணி நேரம் நடை, அக்காவுக்கோ முட்டி வலி. ஓட முடியாது, நடந்தால் போய்ச் சேர முடியாது. வழியெல்லாம் நான் வாங்கிய வசவை இங்கே எழுத முடியாது. வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு சீட்டை நீட்டியபோது இன்னும் மூன்று நிமிடம் இருந்தது.

அவ்வளவு அவசரமாகப் போனவனை அந்தக் கட்டிடம் அவசரப்பட விடாது. கொமாரஸ் முகப்பில் ஒரே மாதிரி இரண்டு கதவு, எது வழி என்று தெரியாது. ஒன்றில் நுழைந்தால் இருட்டான இடுக்கு, ஒரு திருப்பம், இன்னொரு திருப்பம். சட்டென்று வெளிச்சம், 34 மீட்டர் நீளக் குளம், அதில் 45 மீட்டர் கோபுரம் தலைகீழாக நிற்கிறது. குளத்தின் இரண்டு பக்கமும் மர்ட்டில் செடி வேலி. அக்கா முட்டியை மறந்துவிட்டாள், என்னைத் திட்டுவதையும்.

கோபுரத்துக்குள்தான் சுல்தான் தூதர்களைச் சந்தித்த கூடம். பதினொரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான சதுரம், உயரம் 18 மீட்டர். கூரை 8,017 மரத்துண்டுகளைக் கோத்துச் செய்தது. ஏழு அடுக்காக நட்சத்திரங்கள், ஏழு வானங்கள் என்று பொருள். அடியிலேயே குர்ஆனின் 67ஆம் அத்தியாயத்தை ஓடவிட்டிருக்கிறார்கள், ஏழு வானங்களைப் படைத்தவனைப் பற்றிய அத்தியாயம். சுல்தான் சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார். வருகிறவன் கண்ணுக்கு வெளிச்சம் அடிக்கும், சுல்தானின் முகம் நிழலில். கடன் கேட்டுப் போகிறவனை மேலாளர் உட்கார வைக்கிற மாதிரி ஏற்பாடு.

பிப்ரவரி 6, இரவு 10.50

"8,017ஐ எண்ணினீர்களா?" இல்லை ஐயா. கழுத்து வலித்தது.

பிப்ரவரி 7, இரவு 9.00

சரி, சிங்க முற்றம். சுமார் 28க்கு 16 மீட்டர்தான். படத்தில் பார்த்து ஒரு மைதானம் என்று நினைத்திருந்தேன். சுற்றிலும் 124 தூண்கள், ஒல்லி ஒல்லியாக, சில இடத்தில் ஒன்று, சில இடத்தில் இரண்டு சேர்ந்து. அந்தத் தூணின் மேல் நிற்கும் வளைவுகள் பாரம் தாங்குகின்றன என்று கண் நம்புகிறது, ஆனால் வளைவு போலத் தெரியும் பெரும்பகுதி துளைபோட்ட சுதைத் திரை. தூணுக்கும் அதன் தலைக்கும் நடுவே ஈயத்தகடு வைத்திருக்கிறார்கள். கிரனடா நிலநடுக்கம் வருகிற ஊர், ஆட்டம் வந்தால் கல் கல்லோடு உரசி உடையாமல் ஈயம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். இதைச் சொன்னதும்தான் அப்பா முதன்முறையாக "நல்ல வேலைக்காரன்" என்றார். சுதைப்பூ எதற்கும் அவர் அப்படிச் சொல்லவில்லை.

கடிகாரக் கதைக்கு வருவோம். தொட்டியின் விளிம்பில் செதுக்கிய கவிதை மணி காட்டும் சிங்கம் என்று எதுவும் சொல்லவில்லை. அது சொல்வது வேறு: தண்ணீரும் பளிங்கும் ஒன்றோடொன்று கலந்து தெரிகின்றன, இரண்டில் ஓடுவது எது என்று நமக்குத் தெரியவில்லை. தொட்டிக்குள் ஏறும் தண்ணீரும் வெளியேறும் தண்ணீரும் சமமாக, மட்டம் அசையாமல் நிற்கும்படி துளைகள் அமைத்திருக்கிறார்கள். உண்மையான வித்தை அதுதான், கடிகாரக் கதை அதற்கு முன் வெறும் சர்க்கஸ்.

சிங்கங்களைப் பழுது பார்க்க 2002இல் தொடங்கி, 2012இல்தான் எல்லாம் முடிந்தது. வேறொரு பழைய அரண்மனையிலிருந்து, 11ஆம் நூற்றாண்டில் செய்தவற்றைக் கொண்டுவந்து வைத்தார்கள் என்று வெகுகாலம் ஒரு கருத்து இருந்தது, இப்போது 14ஆம் நூற்றாண்டு என்றே கொள்கிறார்கள். முகங்கள் ஒன்றுக்கொன்று வேறு. ஒன்று எங்கள் தெரு நாய் மணியின் சாயல். அக்கா ஒத்துக்கொண்டாள்.

இரண்டு பக்கத்திலும் கூடங்கள். 'இரு சகோதரிகள்' கூடத்தில் சகோதரிகள் யாரும் இல்லை, தரையில் பதித்த இரண்டு பெரிய பளிங்குப் பலகைகளுக்கு அந்தப் பேர். மேலே முகர்னஸ் கூரை, ஐயாயிரத்துக்கு மேற்பட்ட சின்னச் சின்னச் சுதைக்கூடுகள், தேன்கூட்டை அண்ணாந்து பார்ப்பது போல. எதிர்க் கூடத்தில் ஒரு பிரபுக் குலத்தையே விருந்துக்குக் கூப்பிட்டுத் தலை வெட்டினார்கள், தொட்டியில் தெரியும் சிவப்பு அவர்கள் ரத்தம் என்று வழிகாட்டி ஒருவர் பக்கத்துக் கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். இரும்புத் துரு அது. எங்கள் வீட்டு மொட்டைமாடித் தொட்டியிலும் உண்டு, நாங்கள் யாரையும் வெட்டவில்லை.

பிப்ரவரி 9, மாலை 4.20

கவிதை எழுதியவர் யார் என்று கேட்ட நண்பருக்கு. இப்னு ஸம்ரக். சாதாரணக் குடும்பத்துப் பையன், அமைச்சராக இருந்த இப்னுல் கத்தீபிடம் படித்து மேலே வந்தவர். ஐந்தாம் முகம்மதுவுக்கும் குருவுக்கும் ஒத்துப்போகாமல் குரு மொராக்கோவுக்கு ஓட, சீடர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். குருவின் மேல் வழக்குப் போட்டதில் சீடருக்குப் பங்கு உண்டு, பேஸ் நகரச் சிறையில் குருவைக் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். பிற்பாடு சீடரும் கொலையாகித்தான் செத்தார். அந்தக் கையால் எழுதிய வரிகளைத்தான் நாம் 'ஆஹா, தண்ணீரா பளிங்கா' என்று ரசிக்கிறோம். ரசிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் ரசித்தேன்.

சுவரே 'நான்' என்று பேசும் கவிதைகள் அவை. 'நான் ஒரு தோட்டம், அழகு என்னை அலங்கரித்திருக்கிறது' என்று இரு சகோதரிகள் கூடமே சொல்கிறது. எனக்கு அரபி தெரியாது, எத்தனையோ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போய் ஒரு சுவர் தன் கதையைச் சொல்லும்போது எழுத்துத் தெரியாமல் நிற்பது என்ன கொடுமை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிப்ரவரி 10, இரவு 11.15

இன்றைக்கு எனக்குக் கோபம். 1492 ஜனவரி 2 அன்று கடைசி சுல்தான் போவப்தில், இசபெல்லா ராணியிடமும் பெர்டினான்டு ராஜாவிடமும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். அதே வருடம் மார்ச் 31இல் யூதர்களை நாட்டைவிட்டு விரட்டும் ஆணை இந்த அரண்மனையில் வைத்துத்தான் கையெழுத்தானது. அப்புறம் அவர்கள் பேரன் ஐந்தாம் சார்லஸ் தேனிலவுக்கு வந்தார், இடம் பிடித்துப்போனது, 1527இல் நடுவிலேயே தனக்கு ஒரு மாளிகைக்குச் சொல்லிவிட்டார். வெளியே 63 மீட்டர் சதுரம், உள்ளே வட்ட முற்றம், மலைமாதிரிக் கல். பக்கத்தில் மெல்லிய மண் வீடு. கல்யாண வீட்டுக்குள் யானையை ஏற்றிவிட்டது போல இருக்கிறது. செலவில் பெரும்பங்கு மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்களிடம் வசூலித்த வரி. 1568இல் அவர்கள் கலகம் செய்ததும் பணம் நின்றது, வேலையும் இழுத்தது, கூரை போட்டது 20ஆம் நூற்றாண்டில். வேண்டும், நன்றாக வேண்டும்.

பிப்ரவரி 12, காலை 6.50

முந்தாநாள் எழுதியதைத் தூங்கி எழுந்து படித்தேன். பாதிதான் சரி. அந்த மாளிகைக்காகக் கொஞ்சம் இடித்தார்கள், உண்மை. ஆனால் பழைய அரண்மனையை இடிக்கச் சொல்லவில்லை, 'பழைய அரச வீடு' என்று பேர்வைத்து வைத்துக்கொண்டார்கள். இசபெல்லாவும் பெர்டினான்டும் நுழைந்த உடனேயே பழுதுவேலைக்கு ஆள் போட்டார்கள், அதுவும் உள்ளூர் முஸ்லிம் கைவினைஞர்களை. மண்ணும் ஜிப்சமும் மரமுமான வீடு நூறு வருடம் கவனிக்காமல் விட்டால் கரைந்துவிடும். அப்பா எப்போதும் சொல்வார், கூரை ஒழுகாத வரைக்கும் மண் சுவருக்குச் சாவு இல்லை என்று. வென்றவன் கூரையை ஒழுகவிடவில்லை, அதனால்தான் பார்க்க ஏதோ மிச்சம் இருக்கிறது. எனக்கு இது பிடிக்கவில்லை, ஆனால் இப்படித்தான்.

அலட்சியம் பின்னால்தான். 18ஆம் நூற்றாண்டில், அதுவரை அரண்மனையைக் காத்துவந்த குடும்பத்தின் பொறுப்பைப் பறித்த பிறகு உள்ளே ஏழைகள், சிப்பாய்கள், ஆட்டுப்பட்டி. 1812இல் நெப்போலியனின் படை கிளம்பும்போது பல கோபுரங்களை வெடிவைத்துப் போனது. அதற்கடுத்த ஆபத்து அன்பு அதிகமானவர்களால். 19ஆம் நூற்றாண்டுப் பழுதுகாரர்கள் சிங்க முற்றத்து மண்டபத்தின் மேல் வண்ண ஓட்டுக் குமிழ் ஒன்றை வைத்தார்கள், 'கிழக்கத்திய' தோற்றத்துக்காக. 1923 முதல் பொறுப்பிலிருந்த கட்டிடக்கலைஞர் தோரஸ் பால்பாஸ் 1934இல் அதை இறக்கிவிட்டுச் சாதாரணச் சாய்கூரை போட்டார், ஊரே அவரைத் திட்டியது. இன்றைக்கு நாம் பார்ப்பது பெரும்பாலும் அவர் திட்டு வாங்கிய அல்ஹம்ப்ரா.

பிப்ரவரி 12, காலை 7.05

விட்டுப்போனது: பார்தாலின் மரக்குமிழ் கிரனடாவில் இல்லை, பெர்லினில். 19ஆம் நூற்றாண்டில் அந்த வீடு ஒரு ஜெர்மன் வங்கிக்காரர் கைக்கு வந்தது. அவர் வீட்டை ஸ்பெயின் அரசுக்குக் கொடுத்துவிட்டுக் கூரையைக் கழற்றிக்கொண்டு போனார்.

பிப்ரவரி 15, இரவு 9.40

இழை திசை மாறுகிறது, பரவாயில்லை. செவில் போகிறவர்கள் பெட்ரோ ராஜாவின் அரண்மனை முகப்பை நன்றாகப் பாருங்கள். 1364, கிறிஸ்தவ ராஜா, நடுவில் 'இறைவனைத் தவிர வெற்றியாளன் இல்லை' என்று அரபியில், திரும்பத் திரும்ப. பெட்ரோவும் ஐந்தாம் முகம்மதுவும் நண்பர்கள். 1359இல் முகம்மது பதவி இழந்து மொராக்கோவில் இருந்தார், அந்த நாற்காலியில் கடைசியாக உட்கார்ந்த உறவுக்காரன் 1362இல் நிலைமை கைமீறியதும் நகைநட்டோடு பெட்ரோவிடமே தஞ்சம் போனான். பெட்ரோ அவனைக் கொன்று நகைகளை எடுத்துக்கொண்டார், நண்பர் கிரனடா திரும்பினார். அந்த நகைகளில் ஒரு சிவப்புக் கல் இங்கிலாந்து இளவரசர் ஒருவரிடம் போய், இன்று அந்த நாட்டு மணிமுடியின் முன்பக்கத்தில் இருக்கிறது என்பது வழிவழியாகச் சொல்வது. மாணிக்கம் என்று நினைத்தார்கள், அது ஸ்பினல். கோகினூரைப் பற்றி யாரும் இங்கே ஆரம்பிக்க வேண்டாம்.

பிப்ரவரி 16, மதியம் 1.10

"கணிதத்தில் சாத்தியமான 17 வகைத் தளக்கோலங்களும் (ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வந்து தளத்தை நிரப்பும் முறைகள்) அங்கே உண்டாமே?" உண்டு என்று நானும் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். எடித் முல்லர் 1944இல் தன் ஆய்வில் கண்டது 11. அப்புறம் சிலர் 13 என்றார்கள், சிலர் 17ம் இருக்கிறது என்றார்கள். நிறத்தைக் கணக்கில் எடுப்பதா, பாதி உடைந்த சில்லைச் சேர்ப்பதா என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. டச்சு ஓவியர் எஷர் 1922இலும் 1936இலும் வந்து உட்கார்ந்து நகல் எடுத்துக்கொண்டு போனார் என்பதில் சண்டை இல்லை.

பிப்ரவரி 20, இரவு 10.00

கடைசியாக இரண்டு அசடு வழியல். ஒன்று, தூதர் கூடத்துக்கு முன்னால் 'படகுக் கூடம்' ஒன்று உண்டு. கூரை கவிழ்த்த படகு போலவே இருக்கிறது, அதனால் அந்தப் பேர் என்று அக்காவுக்கு விளக்கினேன். அசலில் அரபியில் பரக்கத் என்ற ஆசிச் சொல், ஸ்பானிய நாக்கில் 'பார்க்கா'வாகி, அந்த மொழியில் அது படகு. கூரையும் தற்செயலாக ஒத்துப்போய்விட்டது. அதைப் படம் எடுத்து '600 வருட மரவேலை' என்று குடும்பக் குழுவில் போட்டேன். அந்தக் கூரை 1890இல் தீயில் போய்விட்டது, நான் எடுத்தது 20ஆம் நூற்றாண்டில் திரும்பச் செய்தது.

இரண்டு, ஹெனராலிபேயில் அக்கா நகர மாட்டேன் என்றாளே, அந்த வளைந்து பாயும் நீர்த்தாரைகள் சுல்தான் காலத்தவை இல்லை, பிற்காலத்தில் வைத்தவை. 1958இல் அங்கே தீப்பிடித்த பிறகு தோண்டிப் பார்த்தபோது பழைய பாத்திகள் இன்னும் கீழே கிடந்தன.

அக்காவிடம் சொன்னேன். "இருக்கட்டும், எனக்குப் பிடிச்சிருந்துச்சு" என்றாள். அப்பாவிடமும் சொன்னேன். அந்தப் படகுக் கூரைப் படத்தை மறுபடி அனுப்பச் சொன்னார், வாங்கிப் பார்த்துவிட்டு, "ஒட்டு தெரியல. யாரு செஞ்சதுன்னு போட்டிருக்கானா?" என்று கேட்டார்.